இடமிருந்து மூன்றாவது

பள்ளிப் பொன்விழா மலருக்கு இனிமையான நினைவு ஒன்று எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் இருப்பது இனிமையானது இல்லை. பிடிக்காவிட்டால் போடாதீர்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பழைய படத்தை வாட்ஸப் குழுவில் போட்டது நீங்கள்தான். 'இது எந்தக் கபடி டீம்?' என்று ஒருவர் கேட்டீர்கள். 'வைகை அணைக்கு டூர் போனபோது எடுத்தது' என்று இன்னொருவர் அடித்துச் சொன்னீர்கள். 'இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பையன் யார், ஞாபகமே வரலையே' என்று மூன்றாமவர் கேட்க, அதற்கு ஆளாளுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினீர்கள். அந்தப் பையன் என் அண்ணன். அது கபடி டீமும் இல்லை, சுற்றுலாவும் இல்லை. ஞாபகம் வரவில்லை என்று கேட்டவரே அந்த வரிசையில் ஐந்தாவதாக நிற்கிறார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கட்டும்.

அந்தக் கோடையில் நம் பள்ளிக்கூடத்தில் காவல் படை ஆரம்பித்தார்கள், அதுவாவது நினைவிருக்கிறதா? ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பையன்களுக்குப் போலீஸ் வேலை எப்படிப்பட்டது என்று காட்ட வேண்டும், படித்து முடித்ததும் ஆசைப்பட்டு வந்து சேர வேண்டும் என்று ஏற்பாடு. காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் சிவப்புப் பட்டை, நீலத் தொப்பி, பச்சைக் கயிற்றில் ஒரு விசில். பயிற்சி கொடுக்க ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டய்யா வந்தார். பெரிய மீசை, ஆனால் குரல் பூனைக்குட்டி போல இருக்கும். நான் அப்போது ஆறாவது. பொம்பளைப் பிள்ளைகளைப் படையில் சேர்க்கவில்லை. அதனால் வேலியோரம் நின்று வாய் பார்ப்பதுதான் என் வேலை.

"போலீசுன்னா அடிக்கிறவன்னு நெனைச்சிராதீக. போலீசுன்னா பாக்குறவன். கண்ணுதான்டா போலீசு" என்று ஏட்டய்யா முதல் நாளே சொன்னார். ஒருவரை வகுப்புக்குள் விறுவிறுவென்று நடக்கவிட்டு, அவர் போனதும் சட்டையில் எத்தனை பொத்தான், எந்தக் காலில் செருப்பு வார் அறுந்திருந்தது என்று கேட்பார். அண்ணன் ஒன்று விடாமல் சொல்லுவான். வீட்டுக்கு வந்தும் அதே விளையாட்டுதான். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, அடுப்படி அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக் குட்டுவான். நான் உப்புச் சாடியை மறந்துவிடுவேன், நறுக்கென்று ஒரு குட்டு விழும்.

அண்ணனுக்கு அந்த உடுப்பு மேல் அப்படி ஒரு பைத்தியம். அம்மா வடித்த கஞ்சியில் கால்சட்டையை முக்கி எடுத்துக் காயப்போட்டால் அது ஆள் இல்லாமலே நிற்கும். பெல்ட்டின் பித்தளை வில்லையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பான். குழம்புக்கு வைத்திருந்த புளியைக் காணோம் என்று அம்மா கத்தாத நாள் இல்லை. "எஸ்.ஐ. ஆகி ஒனக்கு மூட மூடயா புளி வாங்கித் தாரேன்" என்பான். அப்பா வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தார். சிரித்தே அறியாத மனிதர். அவர்கூட மகன் விசிலை மாட்டிக்கொண்டு தெருவில் போகும்போது மண்டி வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார்.

சித்திரைத் திருவிழாவுக்குப் படையை வீரபாண்டி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு ஆடி வருகிறவர்கள் ஒரு பக்கம், உடம்பெல்லாம் துளையிட்ட ஆயிரங்கண் பானை தூக்கி வருகிற பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தீச்சட்டிகள். வேப்பிலைப் புகையும் வேர்வையும் கரும்புச்சாறும் கலந்த அந்த வாசம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. அண்ணனைத் தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்தியிருந்தார்கள். அம்மா கோயிலுக்குள் போயிருந்தாள். நான் அண்ணன் பக்கத்திலேயே நின்றேன்.

தீச்சட்டியை இறக்கிவிட்டு வந்த ஒரு பெண் தொட்டி ஓரம் அப்படியே சரிந்தாள். மஞ்சள் சேலை, புகையில் சிவந்து வீங்கிய கண்கள். அண்ணன் தொப்பியைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே விசிறினான். குனிந்து கை நிறையத் தண்ணீர் ஊற்றினான். அவள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். குடித்து முடித்து அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாயிருய்யா. சீக்கு வந்து கெடையில கெடக்குற மனுசனுக்காகத்தான் சட்டி எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து கூட்டத்துக்குள் போய்விட்டாள். கழுத்தில் தாலிச் செயின் கிடந்ததா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை. ஏட்டய்யாவிடம் பாடம் கேட்டவள் இல்லையே நான்.

கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் படித்துறையிலிருந்து ஓலம் கேட்டது. அவள்தான். குளிக்க இறங்கும்போது கழுத்தில் செயின் இல்லை. ஆத்தா வாசலில், புருஷனுக்காகச் சட்டி எடுத்த நாளில், தாலியே போய்விட்டது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் அழுததைக் கேட்டு ராட்டினக்காரன்கூட ராட்டினத்தை நிறுத்திவிட்டான். யாரும் பிடிபடவில்லை.

திருவிழா முடிந்து பள்ளி மைதானத்தில் படைக்கு முகாம் நடந்தது. கடைசி நாள் மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்க்க வந்தார். பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பையன்கள் அணிவகுப்பு நடந்தார்கள், கயிறு ஏறினார்கள், எல்லாம் நன்றாகத்தான் போனது. அதோடு விட்டிருக்கலாம். 'அடையாள அணிவகுப்பு எப்படி நடக்கும் என்று செய்து காட்டுகிறோம்' என்று ஏட்டய்யா ஆரம்பித்தார். சந்தேகப்பட்டவனை அவன் வயதுள்ள வேறு ஆட்களோடு கலந்து நிறுத்துவார்கள். சாட்சி வந்து பார்த்து, அவன்தான் என்றால் தோளில் தொட வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதுதான் பாடம்.

சாட்சி அசலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஏட்டய்யாவுக்குத் தோன்றியிருக்கிறது, பாவி மனுஷன். புகார் என்ன ஆயிற்று என்று கேட்க அன்று காலை ஸ்டேஷனுக்கு வந்திருந்த அந்த மஞ்சள் சேலைக்காரியையே அழைத்து வந்துவிட்டார். பையன்கள் எல்லோரும் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உடுப்போடு நின்றால் வேஷம் தெரிந்துவிடுமாம். நீங்கள் போட்ட படம் அப்போது எடுத்ததுதான்.

"ஆத்தா, இது சும்மா பழக்கத்துக்கு. இங்கன இருக்குறதுல யாரும் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரணும்" என்று ஏட்டய்யா சொன்னதை என் காதால் கேட்டேன். அவர் ஒழுங்காகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? போலீஸ் கூப்பிட்டு வந்து வரிசையாக ஆளை நிறுத்திக் காட்டுகிறது என்றால் அதில் ஒருத்தன் இல்லாமலா நிறுத்துவார்கள்? அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி வரை போனாள், திரும்பி வந்தாள். அண்ணன் முன்னால் நின்றாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது, லேசாகச் சிரித்தான். அவள் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள்.

"இந்த மூஞ்சிதான்."

"ஆத்தா, அவன் நம்ம படைப் புள்ள" என்றார் ஏட்டய்யா, பதறிப்போய்.

"எந்தப் புள்ளையா இருந்தா எனக்கென்ன? இந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன். கிட்டக்க நின்னு பாத்திருக்கேன். மறக்க முடியுமா?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தீர்களா மாணவர்களே? சாட்சி எப்படித் தவறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது" என்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பிறகு போண்டாவும் டீயும் வந்தன. நான் பெற்றோர் கூட்டத்துக்குள் புகுந்து, "அண்ணே அவுகளுக்குத் தண்ணி குடுத்துச்சு! திருவிழாவுல! நான் பாத்தேன்!" என்று கத்தினேன். மண்டிக்காரர் ஒருவர் போண்டாவைக் கடித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்து, "அப்பக் கிட்டக்கதான் நின்னுருக்கான்" என்றார். அப்பா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். என் அண்ணனுக்காக நான் சொன்ன ஒரே சாட்சியம் அப்படிப் போய் முடிந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 'அடையாள அணிவகுப்பில் காட்டிவிட்டார்களாம்' என்பது மட்டும்தான் பரவியது. 'பழக்கத்துக்கு' என்ற சொல் மைதானத்தைத் தாண்டவே இல்லை. அப்பா இரண்டு நாள் மண்டிக்குப் போகாமல் கிடந்தார். பிறகு செவ்வாய்க்கிழமை வீரபாண்டிக்குப் போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது என்று முடிவு செய்தார். விஷயம் தெரிந்து ஏட்டய்யா சைக்கிளில் ஓடி வந்தார்.

"வேணாம்ணே. கேசே இல்ல. சத்தியம் பண்ணுனா கேசு இருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்ணே."

"ஒங்க ஸ்டேசன்லதான் கேசு இல்ல. ஊருக்குள்ள இருக்கு" என்றார் அப்பா.

அண்ணன் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. "பண்ணுறேன்ப்பா. நான்தான் எடுக்கலையே, அப்புறம் என்ன?" என்றான். சத்தியம் பார்க்க ஊரிலிருந்து டெம்போவில் ஆட்கள் வந்திருந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதில் இருந்தார்கள். கோயில் வாசலில் கல்லின் மேல் சூடம் எரிந்தது. "ஆத்தா மேல சத்தியமா அந்தச் செயின நான் தொடல" என்று சொல்லி, அண்ணன் உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். திரும்பி வரும்போது கரி படிந்த அந்தக் கையை என்னிடம் காட்டி, "சுடவே இல்ல பாரு" என்றான். அப்பா நிமிர்ந்து நடந்தார். அந்த வாரம் முழுக்க நிமிர்ந்துதான் நடந்தார்.

அடுத்த வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் நெற்றியில், மார்பில், முதுகில் முத்து முத்தாகக் கிளம்பியது. அம்மை.

இன்றைக்கு எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். அம்மை ஒருவருக்கு ஒட்டினால் இரண்டு மூன்று வாரம் உள்ளேயே கிடந்துவிட்டுத்தான் வெளியே வரும். திருவிழாக் கூட்டத்தில், தொட்டியருகே நின்று கண்டவருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினானே, அங்கே ஒட்டியது அது. சூடத்துக்கு முன்னாலேயே அவன் உடம்புக்குள் வந்தாயிற்று. ஆனால் நம் ஊருக்குத் தெரிந்த கணக்கு வேறு. பொய்ச் சத்தியம் செய்தவனை ஆத்தா விடமாட்டாள். அவளே வந்து இறங்கிவிட்டாள், இனி என்ன வேண்டும்? 'ஆத்தா சும்மா விடுவாளா' என்று குழாயடியில் சொன்னார்கள். எங்கள் வாசலில் வேப்பிலை செருகிய அன்றே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

ஊர் சொன்னதுகூட எனக்கு ஆறிவிடும். வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன் தலைமாட்டில் அப்பா வந்து உட்கார்ந்து, "உண்மையச் சொல்லிரு. ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். எடுத்தியாடா?" என்று கேட்டதுதான் ஆறவில்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதையும் அப்பா தப்பாகவே எடுத்துக்கொண்டார். வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கண்ணுக்குள்ள மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்மா" என்று அண்ணன் முனக ஆரம்பித்தான். இடது கண் இமைக்குள்ளேயே ஒரு முத்து. அம்மாவுக்குத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று துடிப்பு. அம்மை போட்ட உடம்பை ஊசிக்குக் காட்டலாமா என்று அப்பாவுக்குத் தயக்கம். யார் சொல்லியோ ஏட்டய்யா வந்தார். அம்மை வீடு என்பதால் உள்ளே வராமல் வேலிக்கு வெளியே நின்றார்.

"அண்ணே, கண்ணு விசயம், வெளையாடக் கூடாது. எஸ்.ஐ. அய்யாகிட்டக் கேட்டு ஜீப்புக் கொண்டாரேன். அரை மணி நேரத்துல தேனி போயிரலாம்."

"ஜீப்பா? எங்க வீட்டு வாசல்ல போலீசு ஜீப்பு வந்து நின்னு, இவன ஏத்திக்கிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? போங்கய்யா. நீங்க செஞ்சதே போதும்."

"போனாப் போகுது, பஸ்ஸுலயாவது கூட்டிட்டுப் போங்க" என்று அம்மா அழுதாள். அம்மை போட்டவனை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்கள்? ஏட்டய்யா சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். அந்த ஜீப் வரவே இல்லை. எத்தனையோ வருஷமாகிவிட்டது, தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் இன்றும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்தபோது அண்ணனின் இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. நம் ஊர்க்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? பார்வை போன ராஜாவுக்கே கண் கொடுத்த ஆத்தா இவன் கண்ணைப் பறித்துக்கொண்டாள் என்றார்கள். அம்மா வீரபாண்டிக்குப் போய் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு வந்தாள். அதற்கும் 'குத்தம் பண்ணுனவுகதான பரிகாரம் பண்ணுவாக' என்று ஒரு பேச்சு. ஆடியில் அந்த மஞ்சள் சேலைக்காரியின் புருஷன் செத்துப்போனார். அந்தச் சாவையும் கொண்டுவந்து எங்கள் வாசலில்தான் வைத்தார்கள்.

அதற்கு முன்பே, பள்ளி திறந்தவுடன், தொப்பியையும் விசிலையும் திரும்ப வாங்கிவர ஒரு பையனை அனுப்பினார்கள். உங்களில் ஒருவர்தான். பேர் சொல்ல மாட்டேன், அவர் அப்போது சின்னப் பிள்ளை. அண்ணன் பச்சைக் கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, விசிலைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான். சில வருஷம் கழித்து, யார் சொல்லியும் கேட்காமல், தேனியில் போலீஸ் ஆள் எடுப்புக்கு ஒரு தடவை போய் வந்தான். உயரம் சரி, மார்பு சரி, ஓட்டம் சரி. கண்ணைப் பார்த்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வந்து கைகால் கழுவிவிட்டு, "சோறு இருக்காம்மா?" என்று கேட்டான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அந்தச் செயின் இன்று வரை கிடைக்கவில்லை.

இப்போது அண்ணன் வீரபாண்டி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். என் பேரன் படிக்கும் பள்ளியிலும் இப்படி ஒரு படை இருக்கிறது, போன வருஷம் சேர்ந்திருக்கிறான். நான் வேண்டாம் என்றேன். அண்ணன்தான் என்னை அதட்டினான்: "நல்ல விசயந்தான புள்ள, போகட்டும்." பேரனின் பெல்ட் வில்லையை வாங்கி, புளி போட்டு அவனே தேய்த்துக் கொடுத்தான். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவன் தேய்ப்பதைப் பார்க்க மாட்டாமல் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு அண்ணன் வருஷா வருஷம் கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவான். இந்த வருஷம் நானும் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்த ஒரு கிழவி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது. அவன் பார்க்கிறவன் அல்லவா. சொம்பில் மொண்டு வந்து ஊற்றினான், அவள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். குடித்துவிட்டு அவனையே உற்றுப் பார்த்தாள். அப்போது எனக்கும் தெரிந்துவிட்டது.

"ஒன்னய எங்கனயோ பாத்திருக்கேனேய்யா."

அண்ணன் சொம்பில் மறுபடியும் தண்ணீர் மொண்டான்.

"இரு இரு, ஞாபகம் வந்துருச்சு. அப்ப நீ சின்னப் பய. தீச்சட்டிய எறக்கிட்டு நான் மயங்கிக் கெடந்தேன். தொப்பியக் கழட்டி விசிறிவிட்டு, தண்ணி ஊத்துனியே. நீதானய்யா அந்தப் புள்ள?"

"ஆமா ஆத்தா. நான்தேன்."

"கண்ணுல என்னய்யா ஆச்சு?"

"அம்ம போட்டுச்சு ஆத்தா. அந்த வருசம்."

"அடப்பாவமே. தண்ணி குடுத்த புள்ளைக்கா ஆத்தா இப்படிப் பண்ணுனா?"

நடந்ததையெல்லாம் சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன். கத்தியிருப்பேன், ஊரையே கூட்டியிருப்பேன். அண்ணன் என் பக்கம் திரும்பி வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் எழுந்திருக்கப் பிடிமானம் தேடினாள். அண்ணன் குனிந்தான். அன்றைக்குத் தொட்ட அதே தோளைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து போனாள்.

மலரில் அந்தப் படத்தைப் போடுவீர்கள், கீழே பெயர்களும் போடுவீர்கள். இடமிருந்து மூன்றாவது, திருவிழாவில் தண்ணீர் கொடுத்தவர் என்று போடுங்கள். சாட்சியே சொல்லிவிட்டாள், அப்பாதான் இல்லை கேட்க.